நிறுத்தி வைத்தால் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

அறிவியல் புனைகதைத் தொடர்களைத் தயாரித்து, ஒளிபரப்பி, நடுவில் நிறுத்தி, பிறகு ஒருநாள் திரும்பக் கொண்டுவரும் தொலைக்காட்சி, ஸ்ட்ரீமிங் நிறுவனத்தார் அனைவருக்கும்,

வணக்கம்.

சூலூர்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஆந்திரத்துக்குள் இருக்கிற ஊர். தடாவைத் தாண்டி ஆரம்பாக்கம் போனால் தமிழ்நாடு. கடைப் பலகை தெலுங்கில் இருக்கும், கடைக்குள்ளே பேரம் பாதி தமிழில் நடக்கும். ஊருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிற சாலை நேராக ஸ்ரீஹரிகோட்டாவில் போய் முடிகிறது. ராக்கெட் கிளம்பும் நாளில் எங்கள் வீட்டுச் சன்னல் கதவு அதிரும். அதனால் காத்திருப்பது பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். தொடரை நிறுத்தி வைக்க வேண்டுமா, தாராளமாக வையுங்கள். நிறுத்தியிருக்கிறோம், இன்ன காரணம், திரும்ப வரும் அல்லது வராது என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டு வையுங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் 'ஹோல்ட்' என்றால் என்னவென்று தெரியும். எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வரும்போது ஏதோ ஒரு அளவு சரியில்லை என்றால் கடிகாரத்தை அப்படியே நிறுத்திவிடுவார்கள். 2019 ஜூலை 15 அதிகாலை 2.51 மணிக்குச் சந்திரயான்-2 கிளம்புவதாக இருந்தது. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே கூட்டம். சென்னையிலிருந்து வந்தவர்கள், நெல்லூரிலிருந்து வந்தவர்கள், சாப்பாட்டு மூட்டையோடு, பாயோடு. கிளம்ப 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது கடிகாரம் நின்றது. கொஞ்ச நேரத்தில் அறிவிப்பு வந்தது: ஏவு வாகனத்தில் தொழில்நுட்பக் கோளாறு, இன்றைக்கு இல்லை, புதுத் தேதி பிறகு. தூங்கிவிட்ட பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனம் திரும்பிப் போனது. முணுமுணுப்பு இருந்தது, கோபம் இல்லை. ஜூலை 22 பிற்பகல் 2.43க்கு அது கிளம்பியபோது வெயிலைப் பார்க்காமல் மறுபடியும் வந்து நின்றார்கள்.

ககன்யான் சோதனை ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 அக்டோபர் 21. எட்டு மணி என்றார்கள், எட்டரை என்றார்கள், எட்டே முக்கால் என்றார்கள். கடைசியில் ஐந்தே ஐந்து விநாடி இருக்கும்போது நின்றுவிட்டது. அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் உடனே மைக்கைப் பிடித்து, இன்ஜின் எரியத் தொடங்குவதில் சிக்கல், வாகனம் பத்திரமாக இருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். பார்த்தார்கள், சொன்னார்கள், பத்து மணிக்கு ஏவினார்கள். 2013 ஆகஸ்ட் 19 அன்று ஜிஎஸ்எல்வி-டி5 ராக்கெட் எரிபொருள் கசிந்ததால் நின்றது. அது திரும்ப வர 2014 ஜனவரி 5 ஆயிற்று. நாலரை மாதம். அதுவும் பரவாயில்லை, ஏனென்றால் எங்கே கசிந்தது என்று எங்களுக்குத் தெரியும். டீக்கடையில் அதை வைத்து ஆளுக்கொரு விளக்கம் கொடுத்துக்கொண்டே நாலரை மாதத்தை ஓட்டினோம். இஸ்ரோ எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடுகிறது என்று நான் சான்றிதழ் கொடுக்கவில்லை. தோல்விகளின் உள்விவரம் எங்கள் காதுக்கு வருவது குறைவுதான். ஆனால் நின்றதை நின்றது என்று அந்த நிமிடமே சொல்கிற பழக்கம் அவர்களிடம் இருக்கிறது.

உங்களிடம் அது இல்லை.

டாக்டர் ஹூ கதையைப் பாருங்கள். 1963 நவம்பர் 23 அன்று தொடங்கிய தொடர். 1985இல் பிபிசி அதைப் பதினெட்டு மாதம் நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ரசிகர்கள் கொதித்தார்கள், பத்திரிகைகளில் சண்டை, ஆதரவாக ஒரு பாட்டுகூட வெளியானது. என்னைக் கேட்டால் அது நல்ல சண்டை. எதற்காகச் சண்டை போடுகிறோம், எத்தனை மாதத்துக்காகப் போடுகிறோம் என்று இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. சொன்னபடி 1986 செப்டம்பரில் தொடர் திரும்பவும் வந்தது. 1989 டிசம்பரில் நடந்ததுதான் மோசம். அந்த வருடத்தின் கடைசிக் கதை ஒளிபரப்பானது. அடுத்த வருடம் தொடர் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. முடிந்தது என்று யாரும் முறையாகச் சொல்லவில்லை. கேட்டால் இடைவெளி கொஞ்சம் நீளும் என்கிற மாதிரிப் பேச்சு. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்திருந்தது. கதை மேற்பார்வையாளர் ஆண்ட்ரூ கார்ட்மெல் கடைசிப் பகுதியின் முடிவில் சேர்க்கச் சில வரிகள் எழுதினார். நாயகன் சில்வெஸ்டர் மெக்காய் அவற்றைத் தனியாகப் பேசிப் பதிவு செய்து கொடுத்தார். நிறுவனம் சொல்லாத வணக்கத்தை அவர்கள் இரண்டு பேரும் சொல்லிவிட்டுப் போனார்கள். நடுவில் 1996இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்ததை விட்டுவிட்டால், தொடர் திரும்பி வந்தது 2005 மார்ச் 26 அன்று. பதினைந்து வருடத்துக்கு மேல். அன்றைக்கு பிரிட்டனில் ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் அதைப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்க்கக் காத்திருந்த ஒன்றைப் பற்றி அத்தனை வருடம் ஒரு தெளிவான வாக்கியம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

இதே பிபிசி இப்போது கொஞ்சம் திருந்தியிருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். 2025 மே மாதத்தோடு தொடர் நின்றது. அக்டோபரில், டிஸ்னியுடனான கூட்டு முடிந்தது, 2026 கிறிஸ்துமஸுக்கு ரஸ்ஸல் டி டேவிஸ் எழுதும் ஒரு சிறப்புப் பகுதி வரும் என்று அறிவித்தார்கள். கெட்ட செய்தியும் நல்ல செய்தியும் ஒரே அறிவிப்பில் இருந்தன. எனக்கு இது போதும்.

எங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் காத்திருந்தது நெட்ஃபிளிக்ஸின் ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் தொடருக்கு. நான்காவது சீசனின் இரண்டாம் பாதி 2022 ஜூலை 1. ஐந்தாவது சீசன் எங்கள் நேரப்படி 2025 நவம்பர் 27 வியாழக்கிழமை காலை ஆறரை மணி. காலை ஆறரை என்பது சென்னைக்கு வேலைக்கும் காலேஜுக்கும் போகிறவர்கள் லோக்கல் ரயிலில் இருக்கிற நேரம். அன்றைக்கு நான் ஏறிய பெட்டியில் மூன்று பையன்கள் ஒரு போனைத் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இயர்பட் ஒரே ஒரு ஜோடி. இடது காது ஒருவனுக்கு, வலது காது ஒருவனுக்கு, மூன்றாமவனுக்குக் கீழே ஓடும் எழுத்து மட்டும். தடாவில் ஏறிய ஒரு பெண், கல்லூரி அடையாள அட்டை கழுத்தில், நின்றபடியே கேட்டாள்: "டேய், மேக்ஸ் கண் முழிச்சுட்டாளா இல்லையா? அதை மட்டும் சொல்லு, மீதியை நான் பாத்துக்கறேன்."

எதிரே இருந்த ஒரு அண்ணன், ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் ராத்திரி ஷிஃப்ட் முடித்தவர், முதல் இரண்டு சீசன் மட்டும் பார்த்தவராம். "இந்த வெக்னா யாரு தம்பி?" என்றார். எழுத்து மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மூன்றாமவன் போனிலிருந்து கண்ணை எடுத்து விளக்க ஆரம்பித்தான். அவன் வீட்டில் தெலுங்கு, பேசியது தமிழ், நடுநடுவே இரண்டும். தடாவில் ஆரம்பித்த கதைச்சுருக்கம் கும்மிடிப்பூண்டி தாண்டியும் முடியவில்லை. அவனுக்கே சில இடத்தில் மறந்துபோயிருந்தது. "இல்ல அண்ணா, அது மூணாவது சீசன்" என்று அந்தப் பெண் திருத்தினாள். பெட்டியில் பாதிப் பேர் தங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்தார்கள். கடைசியில் அந்த மூன்று பேரும் படத்தை நிறுத்திவிட்டுக் கதைதான் பேசிக்கொண்டு போனார்கள்.

இந்தத் தொடர் ஏன் இவ்வளவு தாமதம் என்று அந்தப் பெட்டியில் யாரும் புலம்பவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். 2023 மே 2 முதல் செப்டம்பர் 27 வரை ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை நடிகர்கள். வேலைநிறுத்தம் தொடங்கிய சில நாளிலேயே, தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள், எழுதுவது படப்பிடிப்புத் தொடங்கியதும் நின்றுவிடுகிற வேலை கிடையாது, வேலைநிறுத்தம் முடியாமல் படப்பிடிப்பை ஆரம்பிக்க முடியாது என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார்கள். ஹோல்ட், காரணம், காத்திருங்கள். எங்கள் ஊர் மொழியிலேயே பேசியது போல இருந்தது. படப்பிடிப்பு 2024 ஜனவரியில் தொடங்கி அந்த வருடம் முழுக்க நடந்ததும் எல்லோருக்கும் தெரியும். நியாயமான கூலி கேட்டு ஒருவர் வேலையை நிறுத்தினால் அதற்காகக் காத்திருக்க எங்களுக்குக் கசக்காது. இந்தப் பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போகாத வீடு குறைவு.

தொடரில் நடிக்கிற பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று ஒரு குறை ஊரெல்லாம் ஓடியது. மில்லி பாபி பிரவுன் 2016இல் முதல் சீசன் வந்தபோது பன்னிரண்டு வயது, ஐந்தாவது சீசன் வந்தபோது இருபத்தொன்று. கதைக்குள்ளேயோ 1983 நவம்பரில் ஆரம்பித்து, ஐந்தாவது சீசன் தொடங்கும்போது 1987 நவம்பருக்குத்தான் வந்திருந்தார்கள். நாலு வருடக் கதையை ஒன்பது வருடத்தில் எடுத்தால் முகம் முற்றத்தான் செய்யும். எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை. நம் படங்களில் நாற்பது வயதுக்காரர் கல்லூரி மாணவராக வருவதைப் பார்த்துப் பழகிய கண் இது.

காத்திருப்பே சில தொடர்களுக்கு நல்லது செய்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். செவரன்ஸ் அப்படி ஒன்று. அலுவலக லிஃப்டில் இறங்கியதும் வெளி வாழ்க்கை மறந்துபோகும், வெளியே வந்ததும் அலுவலகம் மறந்துபோகும். ஒரே உடம்புக்குள் இரண்டு ஆள். முதல் சீசன் 2022 ஏப்ரல் 8 அன்று உச்சத்தில் அறுந்து நின்றது. நாயகன் மார்க் ஒரு உண்மையைக் கண்டுபிடித்துக் கத்துகிறான், அவ்வளவுதான், திரை இருண்டுவிட்டது. இரண்டாவது சீசன் 2025 ஜனவரி 17. இடையில் ஏறக்குறைய மூன்று வருடம். அதிலும் வேலைநிறுத்தம் ஒரு பெரிய பங்கைத் தின்றது. அந்த மூன்று வருடத்தில் முதல் சீசனைத் திரும்பத் திரும்பப் பார்த்து, சுவரில் மாட்டியிருந்த படம் என்ன, தாழ்வாரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றெல்லாம் ஆராய்ந்தவர்கள் உண்டு. அந்த அலுவலகத்துக்குள் வருகிற ஆடுகள் எதற்கு என்று எங்கள் தெருவில் நடந்த வாதத்தில் பாதியளவுகூடத் தேர்தலுக்கு நடக்கவில்லை. புது சீசனின் முதல் காட்சியில் மார்க் லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் அந்த வெள்ளைத் தாழ்வாரங்களில் ஓட ஆரம்பிக்கிறான், நிற்காமல் ஓடுகிறான். மூன்று வருடமாகப் பிடித்து வைத்திருந்ததை அவிழ்த்துவிட்டது போல இருந்தது. மறுநாளே வந்திருந்தால் அந்த ஓட்டத்துக்கு அவ்வளவு வேகம் இருந்திருக்காது. அப்புறம் அதை வெள்ளிக்கிழமை தோறும் ஒன்றாக விட்டதும் சரியான முடிவு. வாரம் முழுக்கப் பேச ஏதாவது இருந்தது. 2025 மார்ச் 21 அன்று அந்த சீசன் முடிந்த கையோடு மூன்றாவது உண்டு என்று சொல்லிவிட்டார்கள். இதைத்தான் கேட்கிறேன்.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ரசிகன் தானே சொல்ல ஆரம்பிப்பான். அது சில சமயம் பெரிய நன்மையாக முடியும். ஸ்டார் ட்ரெக்கின் இரண்டாவது சீசனோடு கடையைக் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டபோது பீஜோ ட்ரிம்பிள், ஜான் ட்ரிம்பிள் தம்பதியர் முன்னின்று நடத்திய கடித இயக்கத்தில், அதை ஒளிபரப்பிய அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் என்பிசிக்குக் கடிதங்கள் குவிந்தன. 1968 மார்ச் 1 அன்று ஒளிபரப்பிலேயே, தொடர் தொடரும் என்று என்பிசி அறிவிக்க வேண்டி வந்தது. ஆனால் கொடுத்த நேரம் வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி. அந்தத் தொடரைப் பார்க்கிற இளசுகள் வீட்டில் இல்லாத நேரம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, 1969இல் முடிந்துபோனது. திரும்பக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு யாரும் பார்க்க முடியாத மூலையில் வைப்பதும் சொல்லாமல் நிறுத்துவதும் எனக்கு ஒன்றுதான்.

தி எக்ஸ்பான்ஸ் ரசிகர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 2018 மே மாதம் சைஃபை சேனல் மூன்று சீசனோடு நிறுத்துவதாகச் சொன்னது. ரசிகர்கள் பணம் திரட்டி, அமேசான் ஸ்டுடியோவுக்கு மேலே பதாகை கட்டிய விமானத்தைப் பறக்க விட்டார்கள். கதையில் வரும் ரோசினாண்டே கப்பலின் சிறு மாதிரியைப் பலூனில் கட்டி வானத்தின் விளிம்புவரை அனுப்பினார்கள். அதே மாதக் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு விண்வெளி மாநாட்டில், தொடரின் நடிகர்கள் உட்கார்ந்திருந்த அரங்கிலேயே, தொடர் பிழைத்தது என்று ஜெஃப் பெசோஸ் அறிவித்தார். 2019 டிசம்பரில் நான்காவது சீசன் வந்தது. 2022 ஜனவரியில் ஆறாவதோடு முடிந்தது. மூலக் கதை ஒன்பது நாவல். மூன்று நாவல் பாக்கி. ஆனாலும் முடிகிறது என்று முன்கூட்டியே சொல்லி, எழுதுகிறவர்களுக்கு ஒரு வாசற்படியில் நிறுத்த அவகாசம் கொடுத்தார்கள். எங்களுக்கு அதில் வருத்தம் உண்டு, புகார் இல்லை.

'1899' என்ற தொடருக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. 2022 நவம்பர் 17 அன்று வந்தது, எட்டுப் பகுதி, கடைசி நிமிடத்தில் கதையே தலைகீழாகத் திரும்பி ஒரு புதுக் கேள்வியோடு நின்றது. 2023 ஜனவரி 2 அன்று, இனி இல்லை என்று அதை உருவாக்கியவர்கள் தாங்களே எழுதித் தெரிவித்தார்கள். மூன்று சீசனாக நினைத்து வைத்திருந்தார்களாம். இரண்டு மாதம்கூட ஆகவில்லை. நிறையப் பேர் பார்க்கவில்லை என்றால் நிறுத்த வேண்டியதுதான், வியாபாரம் எங்களுக்கும் புரியும். ஆனால் ஃபார்ஸ்கேப் தொடர் நினைவிருக்கிறதா? 2002இல் நிறுத்தினார்கள், ரசிகர்கள் விடவில்லை, 2004இல் ஒரு சிறு தொடராகக் கதையை முடித்துக் கொடுத்தார்கள். நாங்கள் கேட்பது அவ்வளவுகூட இல்லை, ஒரே ஒரு முடிவுப் பகுதி. ஒரு மணி நேரம். அதற்கு ஆகும் செலவு உங்களுக்குப் பெரிதாக இருக்கலாம். பாதியில் நின்ற தொடர்கள் சேரச் சேர, புதுத் தொடர் ஒன்றை நீங்கள் அறிவிக்கும்போது, முடியட்டும், முழுசாக வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுங்கி நிற்கிறவர்கள் எங்கள் பக்கத்தில் பெருகிக்கொண்டே போகிறார்கள். நானும் அதில் ஒருவன். நாங்கள் முதல் வாரம் பார்க்கவில்லை என்று நீங்கள் அதையும் நிறுத்துவீர்கள். இந்தச் சுழலை யார் முதலில் உடைப்பது? உங்களிடம்தான் அதிகாரம் இருக்கிறது.

எங்கள் ஆட்களையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நியாயமாக இருக்காது. மூன்று வருடம் காத்திருந்த தொடர் வந்து முதல் பகுதி முடிவதற்குள் 'போச்சு' என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். ராக்கெட் மேகத்தைத் தாண்டுவதற்குள் தீர்ப்பு எழுதுகிற ஜாதி. அவர்களைப் பார்த்து நீங்கள் முடிவெடுக்க வேண்டாம். அந்த ரயில் பெட்டியில் அரைமணி நேரம் கதை சொன்னானே, அவன் ஸ்டேட்டஸ் எதுவும் போட்டதாகத் தெரியவில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். தொடர் நீண்ட இடைவெளிக்குப் பிறகு வரும்போது முந்தைய கதையின் சுருக்கத்தைக் கொஞ்சம் தாராளமாகவே செய்யுங்கள். மூன்று நிமிடத்தில் முகங்களை ஓட்டிக் காட்டுவது, ஏற்கெனவே தெரிந்தவனுக்குத்தான் உதவும். அப்புறம், புது சீசனுக்குத் தமிழும் தெலுங்கும் கொடுத்தால் பழைய சீசன்களுக்கும் கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் அப்பா தெலுங்கில் பார்ப்பார், மகள் தமிழில் பார்ப்பாள், தமிழ் பேசத் தெரிந்த மகனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, ஏனென்றால் படித்தது தெலுங்குப் பள்ளி. கீழே ஓடும் எழுத்து எந்த மொழியில் இருந்தாலும் அந்த வீட்டில் யாராவது ஒருவருக்கு அது பயன்படாது. குரல் இருந்தால் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள்.

தேதியைப் பொறுத்தவரை பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்தால் சொல்லுங்கள், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், தள்ளிப்போனால் தள்ளிப்போயிற்று என்று சொல்லுங்கள். கடைசித் தேதி உறுதியானதும் ஒரு பத்து நாளாவது முன்கூட்டித் தெரிந்தால் நல்லது. இங்கே பாதிப் பேருக்கு ஷிஃப்ட் வேலை. லீவு வேண்டுமானால் ஒரு வாரம் முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
சூலூர்பேட்டையிலிருந்து ஒரு ரசிகன்